பட்டர் தாளும் என் கையும்

ரத்தோட்டைக்கு மேலே, ரிவர்ஸ்டன் போகும் வழியில் ஒரு தோட்டத்துப் பங்களாவில் நான் சமையல்காரி. அதைக் கட்டியது ஸ்கொட்லாந்துத் துரை ஒருவர். இப்போது சுற்றுலாக்காரர்கள் தங்குகிறார்கள். துரை போய்ச் சேர்ந்தாலும் அவருடைய ஷார்ட்பிரெட் மட்டும் போகவில்லை. கோதுமை மா, பட்டர், சீனி மூன்றையும் பிசைந்து சுடும் பிஸ்கட் அது. நாலு மணித் தேநீரோடு தினமும் வைக்க வேண்டும். உடைந்த துண்டுகள் என் வீட்டுக்கு.

அதைத் தின்றுதான் என் மூத்தவளுக்கு ஒருநாள் உதடு வீங்கி மூச்சு முட்டியது. கோதுமையும் பாலும் இவளுக்கு ஆகாது, துளிகூடக் கூடாது என்றார்கள் ஆஸ்பத்திரியில். அன்றிலிருந்து இளையவள் தன் பங்கை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் போய்த்தான் தின்பாள். நான் சொல்லவில்லை, அவளாகவே போனாள். மூத்தவள் பார்த்தும் பார்க்காதவள்போல் இருப்பாள். எனக்குத்தான் பொறுக்காது. ஊர் பேர் தெரியாதவர்களுக்கெல்லாம் சுட்டு வைக்கிறேன், பெற்ற பிள்ளைக்கு முடியாதா?

மானேஜரிடம் கேட்டு, ஆள் தங்காத ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரையும் பங்களாக் குசினிக்குக் கூட்டிப்போனேன். மேசை, தட்டு, சல்லடை எல்லாவற்றையும் சுடுதண்ணீரில் கழுவினேன். கோதுமைக்குப் பதில் அரிசி மா. பட்டருக்குப் பதில் தேங்காயெண்ணெய். எங்கள் மலைக் குளிரில் அது போத்தலுக்குள்ளேயே உறைந்துதான் கிடக்கும். முதல் தட்டு மணலாக உதிர்ந்தது. இரண்டாவது எண்ணெயில் குளித்தது. மூன்றாவதில் கொஞ்சம் கித்துள் பனை மா சேர்த்தேன், பிடித்துக்கொண்டது.

மூத்தவள் ஒரு துண்டை வாய்க்குக் கொண்டுபோகும்போதுதான் மேசையில் அந்தத் தாளைக் கண்டேன். பட்டர் சுற்றி வரும் தாளை நாங்கள் எறிவதில்லை. சேர்த்துவைத்து, மா ஒட்டாமலிருக்கத் தட்டில் ஒரு தேய்ப்புத் தேய்ப்போம். பல வருடப் பழக்கம். நான் மாவைப் பற்றியே யோசித்துக்கொண்டிருக்க, கை தன் வேலையைச் செய்துவிட்டது.

துண்டைப் பறித்துவிட்டேன்.

"சரியாத்தானே வந்துச்சு?" அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"அம்மா தப்புப் பண்ணிட்டேன். கையைக் கழுவிட்டு வா, திரும்பச் சுடுறேன்."

என் மேல் எனக்கே அப்படியொரு கோபம். சேர்த்துவைத்த தாள்களையெல்லாம் அள்ளி விறகடுப்பில் போட்டேன். தட்டைத் தேய்த்த தேய்ப்பில் தோள்பட்டை விட்டுப்போனது. இந்த முறை எதையும் தடவவில்லை, வாழையிலையை வாட்டி விரித்தேன். வெளியே பனி இறங்கிக் கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. போனால் போகட்டும், நடந்து போவோம் என்று அடுப்பை மூட்டினேன்.

மூத்தவள் சின்னதாய்க் கடித்தாள். அவள் உதட்டையே பார்த்துக்கொண்டு அரை மணி நேரம் நின்றேன். ஒன்றும் ஆகவில்லை. இன்னொரு துண்டு கேட்டாள்.

அப்புறம்தான் இளையவளுக்கும் ஒன்று கொடுத்தேன். பழக்க தோஷம், வாங்கியதும் எழுந்து பின்கதவுப் பக்கம் நடந்தாள்.

மூத்தவள் அவள் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"எங்க போற? இங்கயே ஒக்காந்து தின்னு."