மாமன் மடி

எனக்கு முதுகுவலி கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மூன்று வருஷமாக எங்கள் குடும்பத்தில் எல்லாரும் என் முதுகுக்குத்தான் வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தங்கை தைலம் வாங்கித் தந்தாள். அவள் வீட்டுக்காரர் இடுப்பு பெல்ட் கொண்டுவந்தார். கல்யாண வீட்டுக்குள் நான் நுழைந்ததும் யாராவது ஒருவர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஓடிவருவார். இல்லாத வலிக்கு இவ்வளவு மரியாதை!

இருக்கிற வலி வேறு. என் மனைவிக்கு இரண்டு பிரசவமும் சிசேரியன். இரண்டாவதில் ரத்தம் நிறையப் போய், மூன்று மாதம் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். இனி அவள் வயிற்றில் கத்தி படக்கூடாது என்று நானே முடிவெடுத்து, நானே போய்க் குடும்பக் கட்டுப்பாடு செய்துகொண்டேன். யாரும் என்னைத் தள்ளிவிடவில்லை. தழும்பில்லாத சிகிச்சை என்று ஆஸ்பத்திரிச் சுவரில் எழுதிப் போட்டிருந்தார்கள். அரை மணி நேரத்தில் முடிந்தது. இரண்டு நாளில் வேலைக்குப் போகலாம் என்றார்கள். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

இரண்டு நாள் போய், இரண்டு வாரம் போய், இரண்டு மாதமும் போனது. வலி மட்டும் போகவில்லை. இடது விதையில் தொடங்கி அடிவயிறு வரை இழுத்துப் பிடிக்கிற வலி. பள்ளிக்கூடத்துக்கு ஸ்கூட்டரில் போகும்போது வண்ணார்பேட்டையில் ஒவ்வொரு வேகத்தடைக்கும் நான் எழுந்து நின்றுகொள்வேன். பின்னால் வருகிறவன் எனக்கு ஏதோ கிறுக்கு என்று நினைத்திருப்பான். உட்கார்ந்தால் வலிக்கும் என்பதால் கணக்கு வகுப்பு முழுவதையும் நின்றபடியே எடுத்தேன். ஒருநாள் ஆசிரியர் கூட்டத்தில் தலைமையாசிரியர் எல்லாருக்கும் முன்னால் என்னைக் காட்டி, இவர் நாற்காலியைத் தொட்டே நான் பார்த்ததில்லை, கடமை உணர்ச்சி என்றால் இதுதான் என்று பாராட்டினார். கைதட்டினார்கள். நான் சிரித்து வைத்தேன்.

டாக்டர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். அறுத்தவர், ஸ்கேனில் ஒன்றுமில்லை என்றார். ஸ்கேனில் ஒன்றுமில்லைதான், வலிப்பது ஸ்கேனுக்கு இல்லையே. இரண்டாமவர் என் மனைவியை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, வீட்டில் உங்களுக்குள் ஏதாவது மனத்தாங்கலா என்று கேட்டார். அப்புறம் மனநல மருத்துவருக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். மூன்றாமவர் மதுரையில் இருந்தார். நல்லவர், நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். கேட்டுவிட்டு, சிலருக்கு இப்படி வரத்தான் செய்யும், ரொம்பக் குறைவு, ஆனால் வரும் என்றார். எனக்கு ஆத்திரம் பொங்கியது அங்கேதான். வரத்தான் செய்யும் என்று தெரிந்திருந்தால் கையெழுத்து வாங்கும்போது ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டாமா? அப்போதும் நான் போயிருப்பேன். தெரிந்து போயிருப்பேன். வலித்தபோது, நமக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதோ என்று கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்க மாட்டேன். தழும்பில்லாத சிகிச்சை என்பது சத்தியமான வார்த்தை. தழும்பு இருந்திருந்தால் காட்டவாவது செய்திருக்கலாம்.

கூட வேலை பார்க்கிற நண்பன் ஒருவனிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். அவன் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வெளிய சொல்லிராதலே, மானம் போயிரும்" என்றான். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால் தெரியும் என்பார்கள். அன்றைக்குத்தான் நான் முதுகுவலிக்காரன் ஆனேன்.

அந்தப் பொய் மூன்று வருஷம் நன்றாக உழைத்தது. போன தை மாதம், தங்கையின் சின்ன மகளுக்குக் காது குத்தும்போது காலை வாரிவிட்டது.

எங்கள் சாஸ்தா கோயில் அம்பாசமுத்திரம் தாண்டி, வாய்க்கால் கரையில் இருக்கிறது. எல்லாரும் வேனில் போனோம். நான் மட்டும் முதுகைச் சாக்கு வைத்து டிரைவருக்குப் பக்கத்தில் ஒரு தலையணை போட்டுக்கொண்டேன். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது சித்தப்பா முந்தியே வந்திருந்தார். என் அப்பாவின் தம்பி, எழுபதைத் தாண்டியவர். எந்த விசேஷத்திலும் அவர் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. பந்தியில் தண்ணீர் ஊற்றுவார், செருப்பை வரிசைப்படுத்துவார், பந்தல்காரனிடம் சண்டை போடுவார், எல்லாரும் போன பிறகு நின்றபடியே இரண்டு வாய் சாப்பிடுவார். உட்காரத் தெரியாத மனுஷன் என்று எங்கள் குடும்பத்தில் அவரைக் கேலி செய்வது வழக்கம்.

காது குத்தும்போது பிள்ளை தாய்மாமன் மடியில் இருக்க வேண்டும். தங்கையின் மூத்தவளுக்குக் குத்தியதும் என் மடியில்தான். அவள் உதைத்த உதையில் என் வேட்டி கிழிந்தது, அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறோம். சின்னவள் அவளைவிடப் பலசாலி. ஆசாரி ஊசியைத் தயாராக வைத்துக்கொண்டு மாமன் எங்கே என்று கேட்டார். முதுகு சரியில்லை, வேறு யாராவது உட்காரட்டுமே என்று நான் இழுத்தேன். தங்கை ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டாள். அவள் கண் கலங்கியிருந்தது.

"முதுகுவலிக்கும் மடிக்கும் என்னண்ணே சம்பந்தம்? சாஞ்சு உக்காந்துக்கோ. மூத்தவளுக்கு உக்காந்தல்லா, இவ என்ன பாவம் பண்ணுனா?"

இத்தனை நாளாக என் முதுகுக்குத் தைலம் தேடி அலைந்தவள் அவள். உட்கார்ந்துவிடலாம், பல்லைக் கடித்துக்கொள்ளலாம் என்றுதான் நாற்காலி வரை போனேன். பிள்ளை தங்கையின் இடுப்பில் இருந்தபடி அப்போதே காலை உதறிக்கொண்டிருந்தது. அந்தக் காலைப் பார்த்ததும் எனக்கு வேர்த்துவிட்டது. மூன்று வயதுப் பிள்ளையின் காலுக்குப் பயப்படுகிற நிலைக்கு என்னைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, எல்லாரும் ஒன்றுமில்லை ஒன்றுமில்லை என்கிறார்களே என்று கோபம் வந்தது. அந்தக் கோபத்தில்தான் சொன்னேன்.

"எனக்கு முதுகுவலியே கிடையாது. சின்னவன் பிறந்த பெறகு நான் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் பண்ணிக்கிட்டேன். அந்த எடத்துல மூணு வருஷமா வலி. பிள்ளை ஒரு மிதி மிதிச்சா என்னால தாங்க முடியாது."

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஒரு பெரியவர், அதற்குத்தான் ஆம்பிளை இந்த வேலைக்கெல்லாம் போகக்கூடாது என்று நியாயம் சொல்ல ஆரம்பித்தார். அவருக்கு என் வலி கையில் கிடைத்த கம்பு. நல்ல காரியத்தை அடிக்க அதை எடுத்துக்கொண்டார். அம்மா என்னைப் பார்க்கவே இல்லை, நேராக என் மனைவியைப் பார்த்தாள்.

"அவளுக்குப் பண்ணியிருந்தா முடிஞ்சிருக்கும்லா. ஆம்பளையப் போயி அறுக்க விட்டிருக்கா."

"அவ அனுப்பல, நானாத்தான் போனேன்" என்றேன். "அவ வயித்துல ரெண்டு தடவ கத்தி வச்சாங்களே, அப்போ நீ யாரையாவது ஒரு வார்த்தை கேட்டியாம்மா?"

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவளை அழவைத்ததற்கு இன்றும் எனக்கு வருத்தம் உண்டு. கேட்டதற்கு வருத்தம் இல்லை.

என் மனைவி வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, "பிள்ளையை இங்கன தா" என்று தங்கையிடம் கை நீட்டினாள். மாமன் மடிதானே முறை என்று அந்தப் பெரியவர் மறுபடி வாயைத் திறந்தார். அதற்குள் தண்ணீர்ச் செம்போடு நின்றிருந்த சித்தப்பா, "நேரம் ஆகுது, குத்தும்வே" என்று ஆசாரியை அதட்டினார். நான் பக்கத்தில் நின்று பிள்ளையின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டேன். அது வீறிட்டு அழுது, என் மனைவியின் வயிற்றில் மாறி மாறி உதைத்தது. அவள் அசையவில்லை.

பந்தி போட்டார்கள். தரையில் சம்மணம் போட்டு உட்கார வேண்டும், நான் போகவில்லை, தூண் ஓரமாக நின்றேன். யாரும் என் பக்கம் வரவில்லை. முதுகுவலிக்காரனாக இருந்திருந்தால் இந்நேரம் ஒரு மேசையே வந்திருக்கும். சித்தப்பா மட்டும் செம்போடு வந்து, எனக்கு ஒரு தம்ளரில் தண்ணீர் ஊற்றினார். ஊற்றியபடியே, தலையைத் தூக்காமல் கேட்டார்.

"எந்தப் பக்கம்லே?"

"இடது பக்கம், சித்தப்பா."

"எனக்கு வலது" என்றார்.

அவருக்கு முப்பது வயது இருக்கும்போது ஒரு குடும்பக் கட்டுப்பாடு முகாமில் செய்துகொண்டாராம். வீட்டில் அதை ஹெர்னியா ஆபரேஷன் என்று சொல்லிவைத்திருக்கிறாராம். சித்திக்கு மட்டும் தெரியுமாம். நாலு வாக்கியத்தில் சொல்லி முடித்துவிட்டார். எனக்கு ஆறுதலாக இருந்தது என்று எழுத ஆசைதான். ஆனால் வந்தது ஆத்திரம்தான். நாற்பது வருஷத்துக்கு மேலாக இந்த மனுஷன் எங்கள் வீட்டு விசேஷம் எல்லாவற்றிலும் நின்றுகொண்டே இருந்திருக்கிறார், ஏன் என்று ஒருத்தர் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. நானும்தான் கேலி செய்திருக்கிறேன்.

அவர் செம்பைத் தூக்கிக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போனார். அங்கே சாப்பிட்டுக்கொண்டிருந்த யாரோ, இந்த வயசிலும் உட்காராமல் என்னமாய் வேலை பார்க்கிறார் பாருங்கள் என்று மெச்சினார்கள். சித்தப்பா சிரித்து வைத்தார். தலைமையாசிரியர் பாராட்டிய அன்று நான் சிரித்ததும் அதே சிரிப்புதான்.