அரை மணிக்கு ஒரு பச்சை வெளிச்சம்

நஸீறா பதினொரு வருசம் கோழி வெட்டினாள். ஓட்டமாவடிக்கு வெளியே, நெல் வட்டைகளைத் தாண்டி நிற்கிற தொழிற்சாலை. கை பட்டால் போதும், இறைச்சி எவ்வளவு நேரம் வெக்கையில் கிடந்தது என்று சொல்லிவிடுவாள். அந்தக் கையைத்தான் கடைசியில் குற்றவாளி ஆக்கினார்கள்.

போன வருசம் குளிர் அறைக்குள் ஒரு வெள்ளைப் பெட்டி வந்து தொங்கியது. ஏறாவூர் எஞ்சினியர் ஹில்மி செய்தது. கெட்டிக்காரன். பெட்டி குளிரை அளந்து, எண்ணாக்கி, அலுவலகக் கம்ப்யூட்டருக்கு அனுப்பும். எண்ணாக்குகிற மின்னணுச் சில்லுதான் பற்றரியைத் தின்னும் என்பதால் அதை அவன் உறங்க வைத்திருந்தான். அரை மணிக்கு ஒருக்கால் விழிக்கும், பச்சை வெளிச்சம் மினுங்கும், ஒரு எண் எழுதும், திரும்பப் படுத்துவிடும். ஒரு பற்றரி மூன்று வருசம் ஓடும். முதலாளிக்குப் பிடித்தது அதுதான்.

லொறி நிரம்பாமல் எவரும் வீட்டுக்குப் போக ஏலாது. ஒவ்வொரு கூடைக்கும் குளிர் அறைக் கதவைத் திறந்து மூடினால் மஃரிப் தொழுகைக்கும் வீடு சேர முடியாது. மனேஜர் யோகராசா வழி கண்டுபிடித்தார். கதவு திறந்தே கிடக்கட்டும், பச்சை மினுங்கப் பத்து நிமிசம் இருக்கும்போது மூடினால் போதும். காற்று சட்டென்று குளிர்ந்துவிடும். கதவோரம் அடுக்கிய இறைச்சி குளிராது. பெட்டி பார்த்தது காற்றை மட்டும்தான். நேரம் பார்த்துக் குரல் கொடுக்கிற வேலை நஸீறாவுக்கு. "மூடுங்க கா" என்று அவள் கத்துவாள், கதவு விழும், மினுங்கியதும் திறக்கும். ஒருவரும் அதைக் கள்ளம் என்று நினைக்கவில்லை. நஸீறாவும் நினைக்கவில்லை.

ஆவணியில் மாங்கேணிக் கலியாணவீடொன்றில் இந்தக் கோழி தின்ற நாற்பத்திரண்டு பேர் சத்தியெடுத்து ஆஸ்பத்திரியில் படுத்தார்கள்.

சுகாதாரப் பரிசோதகர் வந்தார். கம்ப்யூட்டரில் நாலு பாகை, நாலு பாகை என்று வரம்பு போட்டது போல நேர்கோடு. குளிர் சரியென்றால் பிழை கையில்தான். வெட்டுகிற பெண்களை வரிசையில் நிறுத்தி விரல்களைப் பார்த்தார். நஸீறாவின் பெருவிரலில் வெட்டுக்காயம், மேலே பிளாஸ்டர். காயத்துக் கிருமி இறைச்சியில் விசமாகியிருக்கிறது என்றார். பாதி சரி. அந்தக் கிருமி பெருக வெக்கை வேண்டுமே. வெக்கைக்கு எண் இல்லை.

பேசாமல் இருந்தால் வேலையும் போகும், பேரும் போகும். பேசினால் தன் கள்ளமும் வெளியே வரும். பேசினாள்.

"கதவு திறந்துதான் ஐயா கிடந்த. பச்ச மினுங்க முந்தி மூடச் சொல்லிக் கத்தின ஆளும் நான்தான்."

பரிசோதகர் மற்றப் பெண்களைப் பார்த்தார். எட்டு வருசம் பக்கத்தில் நின்று வெட்டிய றமீஸா உட்பட எல்லோரும் குனிந்து தங்கள் கால் சப்பாத்தைப் பார்த்தார்கள். யோகராசா சிரித்தார்.

"நஸீறா, உனக்கு என்னோட கோவம் இருக்கலாம். பெட்டிக்கு ஆரோட கோவம்?"

ஹில்மிக்குப் போன் எடுத்தாள். மறுநாளே வந்தான், அதையும் சொல்லத்தான் வேண்டும். பெட்டியின் பதிவுகளை நெடுநேரம் தேடினான்.

"ராத்தா, அது நித்திரையில இருந்த நேரத்துக்கு ஒண்ணுமே பதிவில்ல. இல்லாதத்த எப்படிக் காட்டுற?"

"அப்ப என்னத்துக்கு அதுக்கு இவ்வளவு நித்திர?"

பற்றரி, விலை என்று தொடங்கியவன் பேனையை எடுத்தான். அரை மணிக்கு ஒருக்கால்தான் அளக்கும் என்று கடிதம் எழுதிக் கொடுத்தான். பரிசோதகர் அதை வாங்கிக் கோப்பில் குத்தினார். கதவு திறந்திருந்தது என்று அதில் இல்லையாம்.

நஸீறாவின் வேலை போனது. சந்தையில் அவளைக் கண்டால் பெண்கள் அவள் விரலைப் பார்க்கிறார்கள். காயம் ஆறி மாதமாகிறது.

போன கிழமை தன் சப்பாத்தை எடுக்கப் போனாள். உள்ளே விடவில்லை, வாசலில் நிற்க வைத்தார்கள். லொறி ஏற்றுகிற நேரம். சுவருக்கு அந்தப் பக்கம் றமீஸாவின் குரல் கேட்டது.

"மூடுங்க கா."

நஸீறா மணியைப் பார்த்தாள். மினுங்க எட்டு நிமிசம்தான் இருந்தது. றமீஸா ரெண்டு நிமிசம் பிந்திவிட்டாள்.