கோட்டைக்குள் ஓர் ‘இஞ்சரும்’

லண்டனில் மோர்டனுக்குக் குடிவந்து எத்தனையோ வருடமாகியும் என் கணவர் என்னை லண்டன் டவர் கோட்டைக்குக் கூட்டிப்போனதில்லை. கேட்டால், “கல்லுக் கட்டடத்தில பாக்க என்ன கிடக்கு?” என்பார். பிரான்சில் இருந்த அவருடைய மாமன் மகள் லண்டனிலேயே எட்மண்டன் பக்கம் குடிவந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமையே அந்தக் கல்லுக் கட்டடத்தில் பார்க்க ஏராளம் இருந்தது. சட்டையைக்கூட அவரே அயர்ன் பண்ணிக்கொண்டார்.

மாமன் மகள் என்றால் முறை மச்சாள். ஒருகாலத்தில் இருவருக்கும் கல்யாணம் பேசி, குறிப்புப் பொருந்தாமல் விட்டுப்போனது. கணவனை இழந்து தனியாக வந்தவள்மேல் பொறாமைப்படக் கூடாதென்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். வயிறு கேட்கவில்லை, எரிந்தது.

கோட்டை வாசலிலேயே அவர் சரித்திர வாத்தியாராகிவிட்டார். பிரான்சிலிருந்து கடல் தாண்டி வந்த அரசன் ஒருவன் இங்கிலாந்தைப் பிடித்து, ஊரை அடக்கிவைக்கக் கட்டியதாம். வெள்ளைக் கல்லைக்கூட அங்கிருந்துதான் கப்பலில் கொண்டுவந்தானாம்.

“அங்கயிருந்து வாறவை இப்பிடித்தான். வந்து பிடிச்சுக்கொண்டு இருந்திடுவினம்,” என்றேன்.

அவள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை.

முற்றத்தில் அண்டங்காக்கைகள் நின்றன. பறந்து போய்விடாதபடி சிறகைக் கொஞ்சம் கத்தரித்து வைப்பார்களாம். கோட்டையிலேயே எனக்குப் பிடித்த ஏற்பாடு அதுதான்.

வெள்ளைக் கோபுரத்துக்குள் அவர் முன்னே போக, நாங்கள் இருவரும் பின்னால் ஏறினோம். மேலே ஆறு தெரிகிற ஒரு ஜன்னலடியில் நின்று, திரும்பிப் பாராமலே, “இஞ்சரும், ஆத்தை வந்து பாருமன்!” என்று கூப்பிட்டார்.

எங்கள் பக்கத்தில் மனைவியைப் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூச்சப்படுகிறவர்கள் அப்படித்தான் கூப்பிடுவார்கள். இத்தனை வருடத்தில் அதுவே என் பெயராகிவிட்டது. அவளோ என்னை முந்திக்கொண்டு, “ஓம், வாறன்,” என்று ஓரடி வைத்துவிட்டாள். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

அவள் சட்டென்று நின்றாள். முகம் கறுத்துப்போனது.

“குறை நினைக்காதேங்கோ அக்கா. அத்தான் உங்களைத்தான் கூப்பிட்டவர். என்ர மனுசன் இருக்கேக்க என்னையும் அப்பிடித்தான் கூப்பிடுறவர். கன நாளைக்குப் பிறகு காதில விழுந்தது.”

அவளுடைய கையைப் பிடித்து ஜன்னலடிக்குக் கூட்டிப்போய், ஆற்றைப் பார்க்க இடம் விட்டேன்.

என்றாலும் திரும்பி வரும்போது, ரயிலில் இருவருக்கும் நடுவில் நான்தான் உட்கார்ந்தேன்.