லாவெண்டர் தந்த பங்களாத் தோட்டக்காரர்

பிள்ளைகளே, லாவெண்டர் என்ற ஊதாப்பூவை எனக்குக் காட்டியவர், எல்கடுவ மலையிலிருந்து மாத்தளைக்கு இறங்கும் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த, தேயிலைத் தோட்டத் துரையின் பங்களாத் தோட்டக்காரர் ஒருவர். காக்கிக் கோட்டும் தலைப்பாகையுமாக மெலிந்த மனிதர். வளைவு வரும்போதெல்லாம் கைக்குட்டையில் முடிந்த பூக்களை மூக்கில் வைத்துக்கொள்வார்.

மாத்தளைப் பள்ளிக்கூடத்தில் உங்கள் அக்காவுக்கு அன்று முதல் நாள்; நான்தான் கூட்டிப் போனேன். பாதி வழியிலேயே அவளுக்குக் குமட்டியது.

"வாந்தி எடுத்தா ரெண்டு பேரையும் எறக்கிருவேன்" என்றார் கண்டக்டர்.

தோட்டக்காரர் உடனே கைக்குட்டையை நீட்டினார். "மோந்து பாரு பாப்பா, தின்னுறாத. தொரைசாணிக்குத் தலைவலின்னாலும் தூக்கம் வரலைன்னாலும் இதத்தான் தலகாணியில வைப்பாங்க. துணிப்பெட்டியில போட்டா பூச்சி அண்டாது."

"கறிக்குப் போடலாமா?" என்றேன். ஏலம், கறுவா, மிளகு விளையும் மாத்தளைக்காரன் வேறென்ன கேட்பான்?

"போட்டுப் பாத்தேங்க. பொஞ்சாதி ரெண்டு நாள் பேசல."

அக்கா மோந்தபடியே என் தோளில் தூங்கிப்போனாள். மூன்று வளைவு கடந்ததும் தோட்டக்காரர் முகமெல்லாம் வேர்த்து, மணியடித்து இறங்கினார்.

"டவுனுக்கு வரலையா?"

"நடந்தே வர்றேங்க. பூ இல்லாம எனக்கு பஸ் ஒத்துக்காது."

பதறிக் கைக்குட்டையை நீட்டினேன். "பிள்ளைய எழுப்பாதீங்க" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

அக்கா நேரத்துக்கு வகுப்பில் உட்கார்ந்தாள். அவர் எத்தனை மைல் நடந்தாரோ, தெரியாது.