இருக்க வரேல்லை, நிக்க வந்தனான்

லண்டனில இருக்கிற மகளுக்குத் தலைப்பிள்ளை. பேறுக்கு இன்னும் ஒரு கிழமைதான் கிடந்தது. மருமகன் வேலைக்குப் போனால், அவளுக்கு ஒரு சுடுதண்ணி வைச்சுக் குடுக்க அங்க ஆளில்லை. அதுக்காகத்தான், கொழும்புக்கே நாலைஞ்சு தரம் மட்டும் போன நான் லண்டனுக்குப் பிளேன் ஏறினனான்.

வெளிக்கிடுற அண்டு எங்கட ஊர் சல்லியில எல்லாரும் எனக்குப் புத்தி சொன்னவை. மீன் வாங்க வந்தவையும் விடேல்லை. அங்கேயே இருக்கப்போறன் எண்டு மட்டும் வாய்தவறிச் சொல்லிப்போடாதேங்கோ, அடுத்த பிளேனில திருப்பி அனுப்பிப்போடுவினம் எண்டவை. எனக்கென்ன விசரே அப்பிடிச் சொல்ல? மனுசனும் வள்ளமும் கோழிகளும் இஞ்ச கிடக்க, நான் ஏன் அங்க இருக்கிறன்?

லண்டன் எயார்போட்டில குடிவரவு மேசையில இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை, என்ர மகளின்ர வயசு வரும். என்ர இங்கிலிஷ் ரெண்டு கேள்வியோட முடிஞ்சுபோச்சு. பக்கத்து அறைக்குக் கூட்டிக்கொண்டு போய், போனில தமிழ் கதைக்கிற ஒருத்தரைப் பிடிச்சுத் தந்தா. இந்தியத் தமிழ். மரியாதையான தம்பி, குறை சொல்லக்கூடாது.

"அம்மா, இங்க எவ்வளவு நாள் இருக்கப் போறீங்க?"

ஊர்ச்சனம் சொல்லவேண்டாமெண்ட அதே 'இருக்க'.

"தம்பி, நான் இருக்க வரேல்லை. நிக்கத்தான் வந்தனான்."

பிறகு அவர் இங்கிலிஷில ஏதோ சொல்ல, அந்தப் பிள்ளை ஓடிப்போய் ஒரு கதிரையை எடுத்து எனக்குக் கிட்ட வைச்சா. பரவாயில்லை, உட்கார்ந்தே இருங்கம்மா எண்டார் அவர். ஐயோ, இருக்கமாட்டன் எண்டன். அப்ப எவ்வளவு நேரம் நிப்பீங்க எண்டு தயங்கித் தயங்கிக் கேட்டார். ஆறு மாதம் எண்டன். அவருக்கு இருமல் வந்திட்டுது.

அந்தப் பிள்ளையின்ர முகத்தில இருந்த சிரிப்பு மறைஞ்சுபோச்சு. பாஸ்போட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தா. வெளியில மகள் வயித்தையும் சுமந்துகொண்டு பார்த்துக்கொண்டு நிப்பாள். என்னைத் திருப்பி அனுப்பினால் அவள் தனியத்தான் பெறவேணும். அதை நினைக்க எனக்குக் கோவம் வந்தது. தமிழுக்கே தமிழ் விளங்காட்டி நான் ஆரிட்டப் போய்ச் சொல்லுறது?

"தம்பி, ஆறுதலாக் கேளுங்கோ," எண்டன். "எங்கட துறைமுகத்தில கப்பல் வந்து நிக்கும். சாமான் இறக்கினாப் பிறகு போயிடும். கரையில வீடு இருக்கும், அது போகாது. நான் கப்பல். என்ர வீடு அங்க திருகோணமலையில இருக்குது."

அவர் ஒரு நீட்டு 'ஓ' போட்டார். தங்கிட்டுத் திரும்பிப் போயிடுவீங்க, அதானேம்மா எண்டார். அதைத்தானே அப்பா நானும் சொன்னனான்! அவர் இங்கிலிஷில விளங்கப்படுத்த, அந்தப் பிள்ளையும் சிரிச்சுச் சிரிச்சு முத்திரையைக் குத்தினா. அதுக்குப் பிறகுதான் அந்தக் கதிரையில இருந்தன்.

சுங்கத்தில, பிள்ளை பெத்தாப் பிறகு மகளுக்குக் கறிவைச்சுக் குடுக்கவெண்டு இடிச்சுக் கொண்டுபோன பத்தியச் சரக்குத்தூளைத் திறந்து மணந்து பார்த்தவை. ஒருத்தர் தும்மினார். விட்டிட்டினம்.

வெளியில மகள் கம்பியைப் பிடிச்சுக்கொண்டு நிண்டவள். மெலிஞ்சு, வயிறு மட்டும் தெரிஞ்சுது. கட்டிப்பிடிச்சு அழுதாள், நானும் அழுதன். அவளைச் சிரிக்கவைப்பம் எண்டு உள்ளுக்கு நடந்த கூத்தைச் சொன்னன். கதிரை வந்த இடத்தில குலுங்கிக் குலுங்கிச் சிரிச்சாள். கப்பல் போயிடும் எண்ட இடத்தில சிரிப்பு நிண்டுபோச்சு. என்ர சீலைத் தலைப்பைப் பிடிச்சுக்கொண்டு மெல்லமாச் சொன்னாள்:

"அம்மா, இருங்கோவன்."

பக்கத்தில, ஆக்கள் இருக்கிறதுக்கு நீட்டு வாங்கு ஒண்டு கிடந்தது. அதில இருக்கச் சொல்லுறாள் எண்டு விளங்கின மாதிரி, போய் இருந்தன்.