நிறமிடாத நீர்ப்பரப்பு

ஏரியின் எந்த இடத்தில் எந்தக் குப்பத்தார் வலை கட்டுகின்றனர் என்று காட்டும் வரைபடம் ஒன்றை ஆக்குவதற்காகப் பழவேற்காட்டில் மாடியறை ஒன்றில் தங்கியிருந்தேன். என்னோடு பேசியவர் படகோட்டி ஒருவரே. அவரும் நீரின் ஆழத்தைக் கூறுவதோடு நிறுத்திக்கொள்வார். உணவகத்தில் இடமின்றி நிற்பவர்கூட என் மேசைக்கு வந்து அமர்ந்ததில்லை.

அந்தத் தனிமையில் வரைபடமே எனக்குப் பெருமிதமாயிற்று. வடக்குக் குப்பத்திற்குக் கருநீலம், தெற்குக் குப்பத்திற்கு மஞ்சள். நிறங்களைப் பிரித்தறிய இயலாத கண்ணுக்கும் புலப்படும் இணை அது. அலுவலகத்திற்கு அனுப்பிவிட்டு, அன்றே ஒரு படியைத் தெற்குக் குப்பத்தின் பொதுக்கூடத்தில் ஒட்டினேன். மக்களிடம் காட்டுமுன் அனுப்பியது என் பிழை.

மீன்கூடையோடு வந்த ஒரு பெண் முகத்துவாரத்தை அடுத்த நீலப் பகுதியில் விரலை வைத்தாள்.

“இன்னா மேடம், இங்க எங்க ஊரையே காணோம்?”

“நான் போன அன்று வடக்குக் குப்பத்து வலைகள்தாமே இருந்தன?”

“அன்னிக்கு அவங்க மொறை. மறுநா நாங்க எறங்குவோம். எங்க வூட்டுக்கு இந்த எடத்த வுட்டா வேற கெடையாது.”

பின்னால் நின்ற ஒருவர் சிரித்தார். “வாடகை சைக்கிள்ல குந்தினு போட்டோ புடிச்சா, சைக்கிளு அவனுதாயிடுமா?”

கூட்டம் நகைத்தது. அவள் மட்டும் சிரிக்கவில்லை. “இது ஆபீஸ்ல பதிஞ்சா, நாளைக்கு எங்காளு வலைய கரையில காயப்போட்டுக்கினு குந்த வேண்டியதுதான்.”

ஒவ்வோர் இடத்திற்கும் ஒரு நாள் மட்டுமே சென்று, அந்நாளையே எல்லா நாளுமாக வரைந்திருந்தேன்.

அறைக்குத் திரும்பித் திருத்த முனைந்தேன். இரு நிறங்களையும் கலந்தபோது பச்சை நிறத்தில் மூன்றாவது ஊரொன்று முளைத்தது. சாய்கோடுகளாக இட்டாலோ, நீதிமன்ற வழக்கிலுள்ள நிலத்தை அலுவலகப் படங்களில் காட்டும் முறை அது. இல்லாத பகையை நானே மூட்டுவதாகும். இறுதியில் அவ்விடத்தின் எல்லைக்கோட்டை மட்டும் விட்டுவைத்து, நிறத்தை நீக்கினேன். ஓரத்தில் நாளுக்கொன்றாக நீலமும் மஞ்சளும் மாறிமாறி வரும் சிறு கட்டங்களை வரைந்து, ‘ஒருநாள் வடக்கு, ஒருநாள் தெற்கு’ என்றெழுதினேன்.

நான் அனுப்பிய திருத்தத்தைப் பார்த்த மேலதிகாரி தொலைபேசியில் சலித்துக்கொண்டார். “நடுவுல வெறுமையா கெடக்குதேம்மா. நாளைக்கு அச்சுக்குப் போகுது.”

“பழைய படம் போனால் அது பொய்யாகும், ஐயா. அதிலிருந்து என் பெயரை நீக்கிவிட வேண்டியிருக்கும்.”

அச்சகத்துக்கு இன்னும் நேரமிருக்கிறதா என்று அருகில் யாரிடமோ கேட்டார். பின்னர், “சரி, புதுசையே அச்சுக்கு அனுப்பிடறேன்,” என்றார்.

மறுநாள் காலை திருத்திய படியைக் கூடத்தில் ஒட்டினேன். அப்பெண் கட்டங்களை விரலால் எண்ணிக்கொண்டே வந்து ஒரு மஞ்சளில் நின்றாள்.

“இது இன்னிக்கா?”

“ஆம்.”

“அப்ப இப்ப சரியா கீது,” என்றவள், வாயிற்பக்கம் திரும்பிக் கணவனை அதட்டினாள். “யோவ், இன்னும் இன்னா வேடிக்கை? வலைய தூக்கு, நேரமாவுது!”

அவன் வலையோடு விரைந்தான். மற்றவரும் படகுகளை நோக்கி நடந்தனர். நான் எப்போது ஊர் திரும்புகிறேன் என்று எவரேனும் கேட்பர் என எண்ணிச் சற்று நேரம் அக்கூடத்தில் நின்றிருந்தேன்.