பெட்ரோல் லாரிக்குள் ஒரு மெழுகுவர்த்தி

ஊட்டிக்கும் மைசூருக்கும் வழி கேட்டு எழுதுபவர்கள் மன்னிக்கவும். இந்த முறை நான் போனது எண்ணெய்த் தொட்டி பார்க்க! மங்களூரிலிருந்து மண்ணுக்கடியில் பைப் போட்டு, பெட்ரோலும் டீசலும் பெங்களூருக்கு வரத் தொடங்கிய புதிது. அதற்கு முன் அந்தச் சரக்கை டேங்கர் லாரியில் ஏற்றி ஷிராடி மலைப்பாதையில் ஓட்டி வந்தவன் என் அண்ணன். மழைக்காலத்தில் அவன் வீடு திரும்பும்வரை அண்ணிக்குச் சோறு இறங்காது. வானம் கறுத்தாலே எங்கள்மேல் எரிந்து விழுவாள்.

பைப் வந்ததும் லாரி ஓனர் கறாராகச் சொல்லிவிட்டார். "புது டெர்மினல்ல நம்ம வண்டிய சேத்துக்கிட்டா ஓட்டு. இல்லன்னா வித்துடுவேன்." அண்ணனுக்கு வேறு தொழில் தெரியாது. முதல் லோடுக்கு அவனை வரச் சொன்னது ஒரு வியாழக்கிழமை. "நீயும் போய் இன்னா ஆச்சுன்னு போன் பண்ணு" என்று அண்ணி என்னைத் துரத்தினாள்.

டேங்கரில் வெளியாள் ஏறக்கூடாது. சிவாஜிநகரில் பஸ் பிடித்தேன். ஹொசகோட்டைக்குப் பன்னிரண்டு ரூபாய், ஒன்றேகால் மணி நேரம். அதில் பாதி கே.ஆர்.புரத்திலேயே போய்விட்டது. அங்கிருந்து டெர்மினல் இருக்கும் தேவனகுந்திக்கு ஆட்டோ. எண்பது கேட்டவரை அறுபதுக்கு இறக்கினேன்.

மதிலுக்கு அப்பால் வெள்ளைத் தொட்டிகள், கவிழ்த்து வைத்த இட்லிப் பானைகள்போல. வரிசையில் நின்ற லாரியிலிருந்து அண்ணன் இறங்கி வந்தான். ஒரே பைப்பில் பெட்ரோலை விட்டு, அதன் பின்னாலேயே டீசலை விடுவார்களாம்.

"கலந்துடாதா?"

"கலக்கற எடத்த மட்டும் தனியா புடிச்சுக்குவாங்க. உன் சாம்பார் ரசம் மாதிரியா?"

இந்த நேரத்திலும் நக்கல்!

அவன் முறை வந்தது. கேட்டில் செக்யூரிட்டி, "பீடி, பெங்கி பொட்டணம் ஏனாதரு இதியா?" என்று கன்னடத்தில் கேட்டார். பெங்கி பொட்டணம் என்றால் தீப்பெட்டி.

"நான் பீடியே குடிக்கறதில்ல சார்" என்றான் அண்ணன், பெருமையாக.

செக்யூரிட்டி கேபினில் ஏறி, சாமி படத்துக்குப் பின்னால் கைவிட்டார். ஒரு நீள மெழுகுவர்த்தியும் தீப்பெட்டியும் வந்தன. எல்லாம் அண்ணி வேலை. நாங்கள் இந்துக்கள்தான். ஆனால் விவேக் நகரில் குடியிருந்துகொண்டு வியாழக்கிழமை குழந்தை இயேசு கோவிலுக்கு மெழுகுவர்த்தி வாங்காதவர் யார்? முதல் லோடு ஏறியதும் அண்ணன் ஏற்றட்டும் என்று வைத்திருக்கிறாள். பெட்ரோல் லாரிக்குள், புண்ணியவதி!

"சார், பொஞ்சாதி வெச்சது சார். சத்தியமா எனக்குத் தெரியாது" என்று அண்ணன் கையெடுத்துக் கும்பிட்டான். நான் ஓடிப்போய், "குடுங்க சார், நான் வெளியவே வெச்சுக்கறேன்" என்று அழாக்குறையாகக் கெஞ்சினேன்.

செக்யூரிட்டி இருவரையும் முறைத்தார். பிறகு இரண்டையும் என் கையில் திணித்தார். "கேட்டுக்கு வெளிய சிக்கிச்சு, நீங்க பண்ண புண்ணியம். உள்ள சிக்கிருந்தா இந்த வண்டி மறுபடி இந்தப் பக்கம் வந்திருக்காது. ஹோகு, ஹோகு!" என்று அண்ணனை உள்ளே போகச் சொல்லிக் கைகாட்டினார்.

லாரி உள்ளே போனது. டீக்கடையில் மூன்று டீ குடித்தபடி கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். நிறைந்த லாரி வெளியே வந்தபோது அண்ணன் ஹாரனை ஒரு அழுத்து அழுத்தினான். அப்பாடா! அழுதுகொண்டே பூத்துக்குப் போய் அண்ணிக்குப் போன் போட்டேன். தீப்பெட்டிக்கான திட்டு அதிலேயே அடக்கம்.

இதைப் படித்துவிட்டு அங்கே கிளம்புகிறவர்களுக்கு: உள்ளே விடமாட்டார்கள், மதிலோடு சரி. குடை, தண்ணீர் எடுத்துப் போங்கள். திரும்ப ஆட்டோ கிடைப்பது கஷ்டம், வந்த ஆட்டோவையே நிறுத்தி வையுங்கள். வீட்டுக்காரம்மா பை கட்டிக் கொடுத்தால் பிரித்துப் பாருங்கள்.

அடுகோடி பங்க்கில் சரக்கை இறக்கிவிட்டு அண்ணன் சாயங்காலமே வீட்டுக்கு வந்துவிட்டான். மூவரும் கோவிலுக்கு நடந்தோம். இத்தனை வருடமும் அவனுக்காக அண்ணிதான் ஏற்றுவாள், அவன் எங்கோ மலையில் இருப்பான். அன்று அதே தீப்பெட்டியை உரசி அவனே ஏற்றினான்.

வெளியே வந்ததும் தூறல். "மழ வருது, சீக்கிரம் நட" என்றான்.

அண்ணி நின்றுவிட்டாள். "வரட்டுமே. நல்லா கொட்டட்டும்."